புது ஓடுபாதை கேட்கிறார்கள், பழைய கணக்கு எங்கே?

காலையில் வெண்டைப் பாத்திக்கு அமிர்தக் கரைசல் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே விமானம் போகும். சின்ன விமானம்தான், இரண்டு இறக்கையிலும் காற்றாடி சுற்றுகிற ஏ.டி.ஆர். வகை. எங்கள் தோட்டத்திலிருந்து காமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையம் பத்து கிலோமீட்டருக்குள்தான். களை எடுக்க வருகிற பெண்கள் இன்னமும் நிமிர்ந்து பார்ப்பார்கள். "எத்தனை பேரு உக்காந்து போறாங்களோ சார்" என்பார் ஒருவர். நான் முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். எனக்கு வருகிற கேள்வி வேறு. இது எத்தனை நாளைக்குப் போகும்?

இதை எழுதக் காரணம் போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி. புதுசாக இயற்கை வேளாண்மைக்கு வந்திருக்கிற பிள்ளை. "பரந்தூர் விவகாரம் அந்த ஊர்க்காரங்க பிரச்சினை, ஏர்போர்ட் பிரச்சினை. நாம பூச்சிவிரட்டி, பாரம்பரிய நெல்லுன்னு பேசுற இடத்துல அது எதுக்குங்க ஐயா?" என்றார். அங்கே சுருக்கமாகப் பதில் சொன்னேன். மனசுக்கு நிறைவாக இல்லை. அதனால் இங்கே விரிவாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானத்துக்கு எதிரி இல்லை. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது கோவையிலிருந்துதான் பறந்துபோய்ப் பார்த்தேன். திருச்சியிலிருந்து நம் உழவர்கள் விளைவித்த காய்கறி கடல் கடந்து போகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது கணக்கு மட்டும்தான்.

நம் மாநிலத்தில் விமானம் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1910லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் சொந்தமாக ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தபால் பம்பாயோடு நிற்கவில்லை. நெவில் வின்சென்ட் என்ற விமானி அதை வாங்கி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் ஊர் ஊராக ஓடுபாதை வந்தது யுத்த காலத்தில்தான். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டதும் வெள்ளைக்காரனுக்குப் பயம் வந்துவிட்டது. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு என்று இடம் பார்த்து ஓடுபாதை போட்டுத் தள்ளினார்கள். யுத்தம் முடிந்தது, விமானமும் போய்விட்டது. நிலம் மட்டும் உழவனிடம் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை. சூலூர் விமானப் படைக்குப் போனது. சோழவரத்தில் பல வருஷம் கார் பந்தயம் நடத்தினார்கள். தஞ்சாவூரை 2013ல் விமானப் படைத் தளமாகத் திறந்தார்கள், 2020ல் சுகோய் விமானங்களும் வந்தன. மற்றவை அப்படியே கிடக்கின்றன. வேலை நிமித்தம் விழுப்புரம் பக்கம் அலைந்த நாளில் உளுந்தூர்பேட்டை ஓடுபாதையை ஒரு மதியம் போய்ப் பார்த்தேன். அம்மாம் பெரிய கான்கிரீட், நடுவில் வெடிப்பு, வெடிப்பில் எருக்கு. ஒரு பெரியவர் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். "இங்க ஏரோப்ளேன் எறங்குனத எங்கப்பா பாத்திருக்காரு" என்றார். அவர் பார்த்ததில்லை.

சேலம் கதைக்கு வருகிறேன், இது நான் கண்ணால் பார்த்தது. 1993ல் விமான நிலையம் திறந்தார்கள். ஒரு தனியார் விமானம் கொஞ்ச நாள் வந்தது, நின்றது. அப்புறம் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆறாயிரம் அடி ஓடுபாதை, முனையக் கட்டடம், காவலாளி, புல் வெட்டுகிற ஆள், மின்கட்டணம் எல்லாம் உண்டு, விமானம் மட்டும் இல்லை. 2009 கடைசியில் கிங்ஃபிஷர் வந்தது. இரண்டு வருஷம் ஓடியது. அந்த நிறுவனம் 2012ல் மொத்தமாகவே பறப்பதை நிறுத்தி, 17 வங்கிகளுக்கு வட்டியோடு ஒன்பதாயிரம் கோடி பாக்கி வைத்த கதை உங்களுக்கே தெரியும். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அதைத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். முதல் முப்பது வருஷத்தில் விமானம் வந்துபோன காலத்தைக் கூட்டினால் பத்து வருஷம்கூடத் தேறாது.

உடான் என்றால் என்ன என்று சிலருக்குக் குழப்பம் இருக்கும். சின்ன ஊருக்குப் பறக்கும் நிறுவனத்துக்கு, பாதி இருக்கைக்குக் கட்டண உச்சவரம்பு வைத்துவிட்டு, அதனால் வரும் நட்டத்தை மூன்று வருஷத்துக்கு அரசு ஈடுகட்டும். மூன்று வருஷத்துக்குள் அந்த வழித்தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் 2023ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் இந்த மாதிரி அறிக்கைகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்குப் போகவில்லை. மூன்றாம் கட்டம் வரை நாடு முழுக்கக் கொடுத்த வழித்தடம் 774. அதில் பறக்கத் தொடங்கியது 371. மூன்று வருஷத்தை முடித்தது 112. மானியம் நின்ற பிறகும் தாக்குப்பிடித்தது 54.

நான் 774 பயிர்க்கடன் கொடுத்து 54 மட்டும் தேறியிருந்தால் என்னை எந்த ஊருக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேலையே இருந்திருக்காது. உழவன் ஒரு தவணை தவறினால் ஊர் நடுவில் பேர் ஒட்டுகிறோம். ஓடுபாதைக்கு மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. வேலூரில் உடான் பெயரில் முனையம் கட்டினார்கள், இதை எழுதுகிற வரை பயணிகள் விமானம் இறங்கியபாடில்லை. நெய்வேலியும் அதே பட்டியலில் இருக்கிறது.

இந்தச் சேலம் விமான நிலையம் காலியாகக் கிடந்து, அப்போதுதான் மறுபடி ஒரு விமானம் எட்டிப்பார்த்த 2018லேயே விரிவாக்கத்துக்கு இன்னும் 570 ஏக்கர் வேண்டும் என்றார்கள். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்று நான்கு ஊர். எட்டுவழிச் சாலைக்கும் அதே வருஷம் கல் நட்டார்கள். மல்லிகை, மரவள்ளி, தென்னை, கரும்பு விளைகிற பூமி. ஜனங்கள் விடவில்லை, எதிர்த்தார்கள். அந்த நிலத்தில் என் அக்காவுக்கும் இரண்டே கால் ஏக்கர் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பரந்தூர். சென்னையின் நெருக்கடி பொய் இல்லை. மீனம்பாக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு கோடிக்கும் மேல் பயணிகள், அது நிரம்பிவிடும் என்பது உண்மைதான். உடான் ஊர்களையும் சென்னையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கூட்டம் இருக்கிற ஊர், கடன் திரும்பி வரக்கூடிய ஊர். எனக்கு அங்கே உறுத்துவது வேறு: எந்த நிலத்தை அடமானம் கேட்கிறார்கள் என்பது.

2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். கேட்பது 5,746 ஏக்கர். பட்டா நிலம் 3,774, அரசு நிலம் 1,972. அரசு நிலம் என்றதும் பட்டணத்துக்காரர்கள் காலி மனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசுப் புறம்போக்கு என்றால் ஏரி, குளம், தாங்கல், ஓடை, வரத்துக் கால்வாய். பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பித் திருப்பெரும்புதூர் வரை கொண்டுபோகிற கம்பன் கால்வாய் அந்த இடத்தின் குறுக்கே ஓடுகிறது. ஏரிச் சங்கிலி எப்படி வேலை செய்யும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒன்றை மூடினால் மேலே இருக்கிறவன் மூழ்குவான், கீழே இருக்கிறவன் காய்வான். கால்வாயைத் திருப்பிவிடுவோம், வேறு இடத்தில் ஆழப்படுத்துவோம் என்கிறார்கள். மீனம்பாக்கத்தில் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேலே பாலம் போட்டு நீட்டினார்கள். 2015 டிசம்பரில் ஆறு ஓடுபாதைக்கே வந்தது, விமான நிலையத்தை நாள்கணக்கில் மூடி வைத்தார்கள். 2023 டிசம்பர் புயலிலும் மூடினார்கள். இதைப் பார்த்த பிறகும் அடுத்ததை ஏரிக்குள் கட்டுவது என்றால், அந்தத் திட்ட அறிக்கையை என் மேசைக்கு யாராவது கொண்டுவந்திருந்தால் "மழைநீர் எங்கே போகும்?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பேன். செலவு மதிப்பீடு 20,000 கோடியில் ஆரம்பித்து 29,000 கோடி வரை வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2013ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தில் 10வது பிரிவு இருக்கிறது. பல போகம் விளைகிற பாசன நிலத்தை எடுக்கக் கூடாது, வேறு வழியே இல்லாதபோது கடைசிக் கட்டமாகத்தான் எடுக்கலாம், எடுத்தால் அதே அளவு தரிசைப் பண்படுத்தித் தர வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க 1997ல் போட்ட தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு 105ஏ என்று ஒரு திருத்தம் போட்டு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். 2019ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே அதே வருஷம் சட்டமன்றத்தில் முன்தேதியிட்டு உயிர் கொடுத்தார்கள், 2021ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பரந்தூருக்கு நிலம் எடுப்பது அந்தச் சட்டத்தில்தான். சமூகத் தாக்க ஆய்வு கட்டாயமில்லை, ஊர்க்காரர்களின் ஒப்புதலும் தேவையில்லை. போதாததற்கு 2023ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் உள்ளே இருக்கிற நீர்நிலையையும் சேர்த்தே கொடுக்கலாம். ஆட்சி மாறினாலும் இந்த விஷயத்தில் கோப்பு ஒரே திசையில்தான் நகர்கிறது. எந்தக் கட்சிக்காரர் வருத்தப்பட்டாலும் சரி.

ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் சாயங்காலம் சாயங்காலம் கூடி உட்காருகிறார்கள். ஆயிரம் நாளைத் தாண்டிவிட்டது. கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு இதையும் செய்கிறார்கள். நமக்கெல்லாம் மாதம் ஒரு கூட்டத்துக்கு வரவே சோம்பலாக இருக்கிறது.

"நல்ல இழப்பீடு கொடுக்கிறார்களே" என்று என்னிடம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் பழைய வங்கி நண்பர்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். தொண்ணூறுகளின் நடுவில் மேற்கு மாவட்டம் ஒன்றில் கிளை மேலாளராக இருந்தேன். அங்கே ஒரு பொதுத் திட்டத்துக்கு நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டுக் காசோலைகள் வந்தன. நான் இரண்டு வாரம் வீடு வீடாகப் போய் அந்தப் பணத்தை எங்கள் கிளையிலேயே வைப்பாகப் பிடித்தேன். கிளை இலக்கைத் தாண்டியது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, இன்னும் பீரோவில் இருக்கிறது.

அதில் ஒருவர் மூன்று ஏக்கர் கொடுத்தவர். 4 லட்சம் போட்டார். அப்போது வட்டி 12 சதவீதம், மாதம் 4,000 ரூபாய். "நிலத்துல பாடுபட்டாக்கூட இது வராதுங்க" என்று சந்தோஷமாகப் போனார். நானும் சந்தோஷப்பட்டேன். 2004ல் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வட்டி ஐந்தரைக்கு இறங்கியிருந்த காலம். மாதம் 1,800 சொச்சம்தான் வருகிறது. "ஏனுங்க சார், பணம் போட்டது போட்டபடி அப்படியேதானுங்க இருக்குது. பாதி எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். ரிசர்வ் வங்கி, பணவீக்கம், ரெப்போ என்று இலை முன்னால் உட்கார்ந்து என்ன விளக்குவது? சாப்பிட்டு முடித்த பிறகு அவர் இன்னொன்று சொன்னார். பையன் இப்போது எடுத்துக்கொண்ட அந்த வளாகத்திலேயே வாசலில் காவல் வேலை பார்க்கிறானாம், ஒப்பந்தத்தில். அவருடையதும் பெரிய தொகை இல்லை, இன்றைக்குக் கொடுப்பது கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வட்டி இறங்குவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

இயற்கை உழவர்களுக்கு இதில் இன்னொரு நட்டம் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் இதுதான். இழப்பீட்டுப் படிவத்தைப் பாருங்கள். நிலத்தின் சந்தை மதிப்புக்கு ஒரு கட்டம். கிணறு, மோட்டார், வீட்டுக்குக் கட்டம். மரத்துக்கும் நிற்கிற பயிருக்கும் கட்டம். அதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. மண்ணுக்குக் கட்டம் இல்லை. எட்டு வருஷம் பலதானியம் விதைத்து மடக்கி உழுது, சாணமும் கோமியமும் கரைத்து ஊற்றி, உப்புப் பூத்துக் கிடந்த நிலத்தைக் கையில் அள்ளினால் மண்புழு நெளிகிற மாதிரி ஆக்கியிருப்பீர்கள். பக்கத்தில் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுகிறவருக்கும் உங்களுக்கும் சென்ட்டுக்கு ஒரே விலை. சென்ட் கணக்கில் நிலத்தை வேறு இடத்தில் வாங்கிவிடலாம். அந்த எட்டு வருஷத்தை எந்தப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வாங்குவது? எனக்கு வயது அறுபத்தாறு. இன்னொரு எட்டு வருஷம் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

அடுத்த வரிசையில் ஓசூர் நிற்கிறது. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், 2,000 ஏக்கர், வருஷத்துக்கு மூன்று கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக விமான நிலையம் வரக் கூடாது. ஓசூர் அதற்குள்தான் இருக்கிறது. கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் விளைகிற மண். கோவையில் 600 ஏக்கருக்கும் மேல் எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். அத்தனை வருஷமும் அந்த நிலத்துக்காரர்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் இருந்தார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். மாநிலத்தில் இருக்கிற ஒவ்வொரு ஓடுபாதைக்கும், யுத்த காலத்தது உட்பட, எத்தனை ஏக்கர், எந்த வருஷம் எடுத்தது, இன்று என்ன உபயோகம், பறந்த நாள் எத்தனை, பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று ஒரு வெள்ளை அறிக்கை வையுங்கள். பழைய கடன் கணக்கு நேர் செய்யாமல் புதுக் கடன் கிடையாது என்பதுதானே எங்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தது. சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டும் என்றால், ஏரிச் சங்கிலி இல்லாத இடமாக எதையெதைப் பார்த்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். பண்ணூர், திருப்போரூர், படாளம் என்று பெயர் மட்டும் வெளியே வந்தது.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதில் நாம் மகா அலட்சியம். உங்கள் அடங்கலை எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பாசனத்தில் மூன்று போகம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், அடங்கலில் "தரிசு" என்றோ பத்து வருஷத்துக்கு முந்தைய பயிரோ இருக்கும். நாளைக்குப் பல போகம் விளைகிற நிலம் என்று வழக்காட நினைத்தால் கையில் இருக்க வேண்டிய காகிதம் அதுதான். ஒவ்வொரு பருவமும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் பயிரை ஏற்றச் சொல்லுங்கள். மரங்கள் பெயரோடு எண்ணிக்கையோடு ஏறட்டும். பி.ஜி.எஸ். சான்று வாங்கியிருந்தால் நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். மண் பரிசோதனை அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், வருஷா வருஷம் கரிமச் சத்து ஏறுவது அதில்தான் எழுத்தாக இருக்கிறது. அறிவிப்பு வந்தால் ஆட்சேபணைக்குக் கொடுக்கிற அவகாசம் ரொம்பக் குறைவு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒப்புகை வாங்குங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

அக்கா நிலத்தைச் சொல்கிறேன் என்றேன். 2018ல் அளந்துவிட்டுப் போனார்கள். அப்புறம் எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நிலத்தின் மேல் கடன் கேட்டால் வங்கிக்காரர் யோசிக்கிறார். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் யோசித்திருப்பேன். மாமா கிணற்றை ஆழப்படுத்தவில்லை. சொட்டுநீர்க் குழாய் கிழிந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது, மாற்றவில்லை. "எடுத்துக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு மாப்ளே காச மண்ணுல போடணும்?" என்பார். நிலத்தை எடுக்காமலே அதன் பாதி உயிரை எடுத்துவிட்டார்கள்.

போன ஐப்பசியில் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, தென்னங்கன்னு வெக்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு. உங்க மாமாகிட்ட கேட்டா விமானத்தப் பத்திப் பேசறாரு" என்றாள். வை அக்கா என்றேன். நானே என் வண்டியில் நாற்பது நெட்டைக் கன்று கொண்டுபோய் இறக்கினேன். குழிக்கு இரண்டு கூடை தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. மாமா முதல் இரண்டு குழிக்கு வரவில்லை, அப்புறம் மண்வெட்டியோடு வந்தார். அடங்கலில் ஏற்றச் சொல்லி மனு கொடுத்தாகிவிட்டது. ஒப்புகைச் சீட்டை அக்கா ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருக்கிறாள்.